இருபத்தாறு பாட்டில்களும் ஒரு பூஜ்யமும்

நான் பாட்டில் கழுவத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்கி, மைக்ராஸ்கோப்பைத் தொட்டுப் பழகி இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், இந்த ஆள் பெரிய படிப்புப் படித்துவிட்டுப் புத்தி சொல்கிறான் என்று எண்ணிவிடக் கூடாது. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம் எங்களுடையது. எட்டாவதோடு என் படிப்பு நின்றது. தறியில் உட்கார முதுகு இடம் கொடுக்கவில்லை. வேலூரில் ஒரு சின்ன சுகாதார லேபில் அட்டெண்டர் வேலை காலி என்று யாரோ சொன்னார்கள். போய் நின்றேன், எடுத்துக்கொண்டார்கள். பாட்டில் கழுவி, பிறகு லேபிள் ஒட்டி, பிறகு ரிஜிஸ்தர் எழுதி, கடைசியில் பரிசோதனை மேசையும் கணக்கும் என் பொறுப்பு என்கிற இடத்துக்கு வந்தேன். என்னைச் சுற்றியிருந்தவர்கள் வாய் ஓயாமல் பேசினார்கள், நான் காது ஓயாமல் கேட்டேன். என் படிப்பு அவ்வளவுதான். அதனால் இந்த வேலையில் நான் கற்ற எதையும் என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அறுபதுகளின் நடுவில் எங்கள் பக்கம் காலரா வந்தது. கடல் தாண்டி, நாடு நாடாகப் பரவிக்கொண்டு வரும் புது ரகம் என்று பேப்பரில் எழுதினார்கள். எங்கள் லேபுக்கு நாடுகள் தெரியாது. மூன்று இடம்தான் தெரியும்: குடியாத்தத்துத் தறித் தெருக்கள், வாலாஜாபேட்டைச் சந்தைப் பக்கம், ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஆட்கள் குடியிருந்த ஒரு காலனி. அங்கே பேதி கண்டவர்களின் மலம் பாட்டிலில் வரும். அதில் காலராக் கிருமி வளர்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை.

முதல் வாரம் பாட்டில் சேகரிக்க ஒரு ஜீப். இரண்டாம் வாரம் இன்னொரு ஜீப் கொடுத்தார்கள். அந்த வாரம் கிருமி இருந்த பாட்டில்கள் இரண்டு மடங்கு ஆகிவிட்டன. ஆபீஸே கலங்கிப்போனது. நோய் இரட்டிப்பாகிவிட்டது என்று தந்தி அடிக்கக்கூட ஆள் கிளம்பிவிட்டான். எங்கள் கம்பவுண்டர் மட்டும் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"ஏம்ப்பா, நேத்து ஒரு வலை போட்டே. இன்னைக்கு ரெண்டு வலை போட்டே. மீனு ஜாஸ்தி வந்துச்சு. ஏரியில மீனு ஜாஸ்தியாயிடுச்சுன்னு அர்த்தமா?"

அந்த ஒரு கேள்விதான் எனக்கு வகுத்தல் கணக்கின் அர்த்தத்தைச் சொல்லிக் கொடுத்தது. எத்தனை பாட்டிலில் கிருமி இருந்தது என்பதோடு, எத்தனை பாட்டில் பார்த்தோம் என்பதையும் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். நூற்றுக்கு எத்தனை என்று ஒவ்வொரு ஊருக்கும் கணக்கிட்டு, பெரிய காகிதத்தில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஹெல்த் ஆபீசர் அதன் முன்னால் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, "கண்ணாடி மாதிரி இருக்குய்யா" என்றார். நல்ல மனிதர், கறாரானவர், வாயிலிருந்து பாராட்டு வருவதே அபூர்வம். அன்றிலிருந்து தண்ணீர் லாரி எங்கே போக வேண்டும், சலைன் பாட்டில்கள் எங்கே இறங்க வேண்டும் என்று அவர் முடிவெடுப்பது என் சுவர்க் காகிதத்தைப் பார்த்துத்தான்.

எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. வகுக்கக் கற்றுக்கொண்டவன், எதை வகுக்கிறோம் என்று கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. அரைக் கிணறு தாண்டியவன் கதைதான்.

என் காகிதத்தில் குடியாத்தத்துக்கு இரண்டு பாட்டிலுக்கு ஒன்று என்று கிருமி வந்தது. வாலாஜாவில் அதைவிடக் கம்மி. ஆம்பூர் காலனியிலிருந்து இருபத்தாறு பாட்டில்கள் வந்திருந்தன. இருபத்தாறிலும் ஒன்றுமில்லை. அந்தக் கட்டத்தில் அழகாக, வட்டமாக, ஒரு பூஜ்யம் போட்டேன்.

ஆனால் காலனியில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு எங்களிடம் பதில் தயாராக இருந்தது. மதுவிலக்கு இருந்த காலம். பாலாற்று ஓரத்தில் கள்ளச் சாராயம் காய்ச்சுவதாகப் பேச்சு. டேனரி ஆள் வயிறு வலித்துச் செத்தான் என்றால் சாராயம்தான் என்று ஆபீஸில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். கணக்கில் காலரா இல்லை, ஆகவே வேறு ஏதோ. ஆகவே சாராயம். நெசவுத் தெருவில் ஒருவன் பேதியில் போனால் 'ஐயோ பாவம் காலரா' என்ற அதே வாய்தான் இதையும் சொன்னது. ஏனென்றால் அது என் ஊர், இது என் ஊர் இல்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் உங்களுக்குப் பிரயோஜனமில்லை.

லாரி ஒன்றுதான் இருந்தது. காலனிக்குப் போய்க்கொண்டிருந்த அந்த லாரியையும், அங்கே ஓலைக் கொட்டகையில் சலைன் ஏற்றிக்கொண்டிருந்த சின்ன ஆஸ்பத்திரியையும் சனிக்கிழமை காலை குடியாத்தத்துக்கு மாற்றுவதாக ஹெல்த் ஆபீசர் உத்தரவு எழுதினார். தவறு சொல்ல முடியாது. நோய் இருக்கும் இடத்துக்குத்தானே மருந்து போக வேண்டும்?

வெள்ளிக்கிழமை காலை, காலனிக் கொட்டகையில் வேலை பார்த்த சிஸ்டர் லேபுக்கு வந்துவிட்டார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. என் வயதுதான் இருக்கும். வெள்ளைப் புடவையின் கரை முழுக்கப் புழுதி. காலைப் பாசஞ்சரில் நின்றுகொண்டே வந்திருக்கிறார்.

"நீங்கதான் கணக்கு எழுதறவரா சார்?"

"ஆமா சிஸ்டர். சொல்லுங்க."

"எங்க காலனியில காலராவே இல்லன்னு எழுதியிருக்கீங்களாமே."

"இருபத்தாறு பார்த்தோம் சிஸ்டர். ஒண்ணுலகூட இல்ல."

"அப்ப நேத்து நாங்க பொதைச்சிட்டு வந்தது யாரை?"

நான் சாராயம் என்று முனகினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து போனது ஒரு பொம்பள சார். மூணு மாசக் கொழந்தைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தவ. அவளும் சாராயமா?"

ரிஜிஸ்தரை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். பேச்சுக்குப் பதில் இல்லாதபோது காகிதத்தை நீட்டுவது நம் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"குடியாத்தத்துல பாதிக்குப் பாதி. வாலாஜாவுல கொஞ்சம். எங்களாண்ட ஒண்ணுகூட இல்ல. ஏன் சார், இந்த நோய்க்கு அவ்ளோ மரியாதை தெரியுமா? எங்க தெரு முனையில வந்து செருப்பைக் கழட்டிட்டு நின்னுக்கிச்சா?"

மேசையிலிருந்த இன்னொரு ஆள் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கம்மின்னு எழுதியிருந்தா நம்புவேன்" என்றார் அவர். "இல்லவே இல்லன்னா எப்படி சார் நம்பறது?"

பாட்டில்கள் வழியில் வெயிலில் கிடந்திருக்கும், கிருமி செத்திருக்கும் என்றேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. காலையில் எடுக்கிறாராம், பாசஞ்சரில் ஏற்றுகிறாராம், மத்தியானத்துக்குள் என் கையில் வந்துவிடுகிறதாம். என் ரிஜிஸ்தரே அதற்குச் சாட்சி. குடியாத்தத்துப் பாட்டில்தான் சாயங்காலம் வந்துகொண்டிருந்தது; அதில் கிருமி உயிரோடுதான் இருந்தது.

"வந்து பாருங்க சார்."

"எனக்கு இங்க வேலை ஜாஸ்தி சிஸ்டர்."

"எனக்கு அங்க கம்மியா?"

காலிப் பாட்டில்கள் ஆறைப் பையில் போட்டுக்கொண்டு அவரோடு ரயிலேறக் காட்பாடிக்குக் கிளம்பினேன். ரயில் குடியாத்தத்தில் நின்றபோது பிளாட்பாரத்தில் லுங்கிக் கட்டுகளோடு என் சொந்தக்காரர் ஒருவர் நின்றிருந்தார். "நாளைக்கு லாரி வருதாமே, உன் புண்ணியம்டா" என்று ஜன்னலுக்கு வெளியே இருந்து கும்பிட்டார். சிஸ்டர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலனி முனையிலேயே ஒரு பெரிய பீப்பாய் இருந்தது. அதற்குக் காவல் மாதிரி டேனரியின் காசிம் மேஸ்திரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பீப்பாய் நிறையச் சுண்ணாம்பு. தோலிலிருந்து மயிரை நீக்க டேனரியில் தொட்டி தொட்டியாகச் சுண்ணாம்பு கரைப்பார்கள். அதிலிருந்து ஜனங்களுக்காகத் தினம் ஒரு பீப்பாய் கேட்டு வாங்கி வந்து வைத்திருந்தார். லேப் ஆள் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"வாங்க சார், வாங்க. உங்க நோட்டீஸு வந்த அன்னைக்கே இதை வச்சிட்டேன். ஒரு வூடு பாக்கியில்ல. நீங்க எழுதினது எழுதினபடி பண்றாங்க."

பீப்பாய்க்கு மேலே சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கையால் எழுதி அச்சடித்த நோட்டீஸ்; எழுதிய கை என்னுடையது. 'வாந்தி பேதி கண்டால் முதல் வேலையாக அதன் மேல் சுண்ணாம்பைக் கொட்டுங்கள்.' அந்த 'முதல் வேலையாக' என்பது நான் சேர்த்தது. ஆபீசர் கொடுத்த வாசகத்தில் அது இல்லை. ஓர் அழுத்தம் இருக்கட்டும் என்று போட்டேன்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நல்ல ஜனங்கள், சொன்னதைச் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

சிஸ்டர் என்னைப் பச்சையம்மா என்கிற பெண்ணின் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவளுடைய கணவன் டேனரியில் தோல் சுமக்கிறவன். பேதியில் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. இப்போது அவளுடைய நாத்தனாருக்குக் கண்டிருந்தது. கொட்டகையில் படுக்கை காலியாகும்வரை வீட்டிலேயே கிடந்தாள். நாங்கள் வாசலில் நின்றோம். பாட்டில் வேண்டும் என்று சிஸ்டர் சொன்னதும் பச்சையம்மா தலையாட்டினாள். கொட்டாங்கச்சியில் சுண்ணாம்பை அள்ளினாள். நோயாளிக்குக் கீழே வைத்திருந்த தட்டில் சுற்றிலும் கொட்டினாள். ஒரு குச்சியால் நன்றாகக் கலக்கினாள். வெள்ளை வெளேரென்று ஆனதும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து என் பாட்டிலில் விட்டு, மூடி, துணியால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். பூஜைக்குக் கொடுப்பதுபோல் அவ்வளவு சுத்தம்.

சிஸ்டர் அதுவரை பாட்டில் நிரப்புவதைப் பார்த்ததில்லை. காலையில் வாசலில் வைத்திருப்பதை எடுத்துக்கொண்டு ஓடுவார். கொட்டகையில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் பாட்டிலைப் பார்த்தேன். பின்னால் வந்து நின்ற காசிம் மேஸ்திரி பெருமையாகச் சொன்னார்:

"சுண்ணாம்புத் தொட்டியில போட்டா எருமைத் தோல்ல மயிரே நிக்காது சார். இந்தப் பூச்சி எம்மாத்திரம்? நிக்குமா?"

நிற்காதுதான். இந்தக் கிருமிக்கு லேசான காரத்தன்மை பிடிக்கும். அதற்குத் தகுந்த தண்ணீரில்தான் நாங்கள் அதை வளர்ப்போம். சுண்ணாம்பு அந்த அளவெல்லாம் தாண்டியது. தட்டிலேயே கிருமியைக் கொன்றுவிட்டு, பிணத்தைப் பாட்டிலில் போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். இருபத்தாறு முறை. நானும் இருபத்தாறு முறை 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன்.

குடியாத்தத்திலும் இதே நோட்டீஸ்தான் ஒட்டினோம். ஆனால் அங்கே சுண்ணாம்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்; எத்தனை பேர் வாங்குவார்கள்? வாலாஜாவில் சில வீடுகளில் போட்டார்கள், சில வீடுகளில் இல்லை. நான் சுவரில் ஒட்டியிருந்த காகிதம் காலரா எங்கே இருக்கிறது என்பதைக் காட்டவில்லை, பிள்ளைகளே. சுண்ணாம்பு எங்கே சும்மா கிடைக்கிறது என்பதைக் காட்டியது. எங்கள் பேச்சை எந்த ஜனங்கள் அப்படியே கேட்டார்களோ, அவர்களுக்குத்தான் நாளைக் காலை முதல் லாரி நின்றுபோகப்போகிறது.

"ஏம்மா, சுண்ணாம்பை முன்னாடியே போட்டுடறீங்களே, எடுத்த பிறகு போடக்கூடாதா?" என்று கேட்டேன்.

"அதெப்படி சார்? சீசாவை நீங்கதான் தொறந்து பாப்பீங்கன்னு சிஸ்டரு சொன்னாங்க. அப்படியே குடுத்தா உங்களுக்கு ஒட்டிக்காதா? உங்களுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கும்ல?"

இந்த வேலையில் எனக்குச் சில பதக்கம், ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாக்கியத்துக்கு முன்னால் எதுவும் நிற்காது. தன் புருஷனைப் பறிகொடுத்த வீட்டில் நின்றுகொண்டு, முகம் தெரியாத ஒரு லேப்காரனுக்கு நோய் தொற்றக் கூடாதே என்று அவள் சுண்ணாம்பு கலக்கியிருக்கிறாள். அந்தத் தெருவே கலக்கியிருக்கிறது. அவர்கள் காப்பாற்றிக் கொடுத்த கையால்தான் நான் பூஜ்யம் போட்டேன்.

சுண்ணாம்பு போடாமல் எடுக்க வேண்டும் என்றதும் அவள் சம்மதிக்கவில்லை. சிஸ்டர் கெஞ்சினார். நான் என் கைகளைக் காட்டி, மருந்து போட்டுக் கழுவுவேன் என்று சத்தியம் செய்தேன். கடைசியில் ஒரு பேரம் படிந்தது: நான் எடுத்து மூடியதும், பாட்டிலின் வெளிப்பக்கம் முழுக்க அவள் சுண்ணாம்பு பூசுவாள். அப்படியே ஆறு வீட்டில் ஆறு பாட்டில் எடுத்தோம். சாயங்கால ரயிலில் வெள்ளையடித்த ஆறு பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை எதிரில் இருந்தவர்கள் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள்.

ஆபீஸ் மூடும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பாட்டில்களை மேசையில் ஒப்படைத்துவிட்டு நேரே ஹெல்த் ஆபீசர் அறை. கிருமி வளர்ந்து உறுதியாகச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை ஆகும். லாரிக்கு உத்தரவு சனிக்கிழமை காலை. கையில் நிரூபணம் கிடையாது. நான் பார்த்தது ஒரே ஒரு வீட்டில், ஒரே ஒரு கொட்டாங்கச்சி.

"சார், சுவர்ல ஆம்பூருக்குப் போட்ட பூஜ்யத்தை அழிக்கணும்."

"அழிச்சிட்டு இன்னா எழுதப்போறே?"

"தெரியாதுன்னு எழுதணும் சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியாதுங்கற எடத்துல லாரியை நிறுத்திட்டு, தெரிஞ்ச எடத்துக்கு அனுப்பாம இருக்கச் சொல்றே. நாளைக்குக் குடியாத்தத்துல ஒருத்தன் செத்தா? உன் ஊர்தானே அது? உன் ஜனங்களுக்கு இன்னா பதில் சொல்லுவே?"

நியாயமான கேள்வி. ரயிலில் வரும்போது நான் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வியும் அதுதான். எனக்குப் பட்டதைச் சொன்னேன்.

"சார், சிஸ்டர் பதிமூணு நாளா அங்கே சாவை எண்ணிக்கிட்டு இருக்காங்க. நான் பாட்டிலை எண்ணினேன். ரெண்டும் ஒத்துப்போகலன்னா பாட்டில்லதான் சார் கோளாறு. சாவுல கோளாறு வராது."

"மேலே ரிப்போர்ட் போயாச்சுய்யா. யாரு தப்புன்னு கேப்பான்."

"நோட்டீஸ் நான் எழுதினது சார். என் தப்புன்னு எழுதித் தர்றேன்."

"எழுது" என்றார்.

எழுதினேன். எட்டாவது படித்தவனுக்கு இந்த வேலை போனால் திரும்பத் தறிதான், தறிக்கு முதுகு கிடையாது. கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு டிரைவரைக் கூப்பிட்டார். கொட்டகையும் சலைனும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். லாரி காலையில் காலனிக்கு, மத்தியானம் குடியாத்தத்துக்கு. "ஒரே பேஜாருங்க சார், டயரு தாங்காது" என்று டிரைவர் இழுத்தான். "நீ தாங்கினா போதும், போ" என்றார்.

இந்த இடத்தை உங்களுக்காகக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். அவர் என் பேச்சை நம்பவில்லை; நம்ப அவரிடம் ஆதாரமில்லை. இரண்டு தவறில் எதைத் திருத்த முடியும் என்று பார்த்தார். குடியாத்தத்துக்குத் தண்ணீர் அரை நாள் தாமதமானால், கிணற்றுக்கு மருந்து போட்டுச் சமாளிக்க ஆள் அனுப்பலாம், அனுப்பினார். கொட்டகையைப் பிரித்துவிட்டால் காலனியில் அன்றிரவு பேதி கண்டவர்களுக்கு ஒன்றுமே இல்லை. எண் தெளிவாக இல்லாதபோது எப்படி முடிவெடுப்பது என்று எந்தப் புத்தகத்திலாவது இருக்கலாம். எனக்கு அதை அந்த ஐந்து நிமிடத்தில் அவர் செய்து காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிருமி வளர்த்த தட்டுகளைத் திறந்தேன். ஆறில் ஐந்தில் இருந்தது. நோய் இருக்கிறது என்று தெரிந்து ஒரு மனிதன் சந்தோஷப்படலாமா? பட்டேன். பிறகு உட்கார்ந்து, பழைய இருபத்தாறு வரிகளிலும் 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'சுண்ணாம்பு கலந்தது, முடிவு சொல்ல இயலாது' என்று எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் உண்டு என்பதை அன்றைக்குத்தான் படித்தேன். அதுவரை அவை எனக்கு எண்கள்.

ஆபீசர் மேலிடத்துக்கு அனுப்பிய விளக்கக் கடிதத்தின் நகல் பிறகு என் கைக்கு வந்தது. 'என் கையொப்பத்துடன் வெளியான நோட்டீஸில் நேர்ந்த பிழை' என்று இருந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எழுதிக் கொடுத்த தாளைக் கேட்டபோது, "எந்தத் தாளு?" என்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என்னுடையதாக இருக்க, பழியைத் தானே எடுத்துக்கொண்ட மனிதருக்கு நான் கடைசிவரை நேரில் நன்றி சொன்னதில்லை. சொல்ல விடவுமில்லை அவர்.

அதன் பிறகு எங்கள் ரிஜிஸ்தரில் ஒரு கட்டம் கூடியது: பாட்டிலை யார் நிரப்பினார்கள், எப்படி. அந்தக் கட்டத்தை இப்போதும் நீங்கள் நிரப்புகிறீர்கள், சலித்துக்கொண்டே. சலித்துக்கொள்ளுங்கள், ஆனால் நிரப்புங்கள்.

திங்கட்கிழமை காலை காலனிக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. நாத்தனார் கொட்டகையில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பச்சையம்மா வெளியே வந்தாள். ஐந்து பாட்டிலில் காலரா இருந்தது என்று சொன்னேன்.

"என் வூட்டுக்காரருக்கும் அதானா சார்?" என்று கேட்டாள். "சாராயம் குடிச்சிட்டு செத்தான்னு தெருவே பேசி என்னை ஒதுக்கி வெக்குது. கவருமெண்டு சோதனையிலயே காலரா இல்லன்னு வந்துடுச்சாம். அவரு பீடிகூடத் தொட மாட்டாரு சார்."

அவனுடைய பெயர் என் ரிஜிஸ்தரில் பதினேழாவது வரியில் இருந்தது. அந்த 'இல்லை' என் கையெழுத்து.

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் அதுதான் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு நிம்மதி. ஆனால் அந்தப் பாட்டிலைத் திரும்பப் பார்க்க முடியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுதித்தான் இத்தனையும் வந்தது.

"அந்தப் பாட்டில்ல இன்னா இருந்துச்சுன்னு எனக்கு இனிமே தெரியாதும்மா. சுண்ணாம்பு கலந்துடுச்சு. ஆனா காலரா இல்லன்னு நான் எழுதினது தப்பு. சாராயம்னு யாரும் சொல்றதுக்கு என் கணக்குல எடமே கிடையாது. இந்தத் தெருவுல அப்ப இருந்தது காலராதான்."

அவள் தெரு முனையைக் கை காட்டினாள்.

"இதை எங்கிட்ட இன்னாத்துக்கு சார் சொல்றீங்க? எனக்குத் தெரியாதா? அதோ, கொடத்தை வச்சிக்கினு நிக்கறாங்களே, அவங்களாண்ட சொல்லுங்க."

தெரு முனையில் லாரி வந்து நின்றிருந்தது. காலனி முழுக்கக் குடங்களோடு வரிசையில் நின்றது. அங்கே போய் நின்றேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன். காசிம் மேஸ்திரி பீப்பாயை ஒரு தட்டு தட்டிச் சத்தத்தை அடக்கினார். நான் யார் என்று சொன்னேன். இங்கே காலரா இல்லை என்று எழுதியவன் நான்தான், அது என் தப்பு என்று சொன்னேன். பச்சையம்மாவின் கணவன் பெயரைச் சொல்லி, அவன் சாராயத்தில் செத்தான் என்று என் சோதனை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது என்றேன்.

லாரிக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வரிசையின் கடைசியில், மற்றவர்களைவிட்டு நாலு அடி தள்ளி, பச்சையம்மாவின் குடம் தனியாக இருந்தது. ஒரு வயதான அம்மாள் போய் அதைத் தூக்கினாள். அடுத்தவள் கையில் கொடுத்தாள். அவள் தனக்கு முன்னால் இருந்தவளிடம் கொடுத்தாள். கை மாறி கை மாறி, அந்தக் குடம் குழாயடிக்குப் போனது.